அசலைப் பார்க்காமல் எதிர்வழக்குரை எழுதாதீர்கள்

கடன் பாக்கி என்று என் மீது ஒரு வழக்கு. பிராதோடு (வழக்குத் தொடுத்தவர் தாக்கல் செய்த மனு) வந்த ஒப்பந்த நகலில் என் கையெழுத்து. போட்டதாக எனக்கு நினைவே இல்லை. அசலைக் கேட்டால், "விசாரணையில் வரும், அப்போது பாருங்கள்" என்றார்கள். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 1908, கட்டளை 11, விதி 15 இதற்காகவே இருக்கிறது.

முதலில் பிராதில் குறிப்பிட்ட ஆவணங்களையும் இணைப்புப் பட்டியலில் உள்ளவற்றையும் அடிக்கோடிடுங்கள். இந்த விதியில் அவற்றை மட்டுமே கேட்கலாம். மறைத்து வைத்திருப்பவை வேண்டுமென்றால் விதி 12-இன்படி மனுப் போட வேண்டும். அது தனிக் கதை.

அடுத்து அறிவிப்பு. பின்னிணைப்பு சி-யில் படிவம் எண் 7. நான் "எல்லா ஆவணங்களும்" என்று எழுதி அனுப்பி, எது என்று தெளிவில்லை எனத் திருப்பி வாங்கினேன். ஆவணத்தின் தேதியையும் பிராதின் பத்தி எண்ணையும் எழுதுங்கள். எதிர்த்தரப்பு வக்கீலிடம் கொடுத்து, தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அன்றிலிருந்து 10 நாட்களுக்குள் அவர்கள் பதில் தர வேண்டும். பதில் தந்ததிலிருந்து 3 நாட்களுக்குள் வரும் ஒரு நேரத்தை, பார்வையிடுவதற்காக அந்தப் பதிலிலேயே குறிக்க வேண்டும். எழுவினாக்கள் (வழக்கில் நீதிமன்றம் தீர்க்க வேண்டிய கேள்விகள்) வனையப்படும் வரை இதற்கு அவகாசம் உண்டு என்றாலும், எதிர்வழக்குரைக்கு (பிராதுக்கு நாம் எழுத்தில் தரும் பதில்) 30 நாள்தான் என்பதால் அழைப்பாணை வந்த வாரமே அனுப்புவது நல்லது.

பார்வையிடுவது அவர்களுடைய வக்கீல் அலுவலகத்தில். பென்சிலும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் போதும். பேனாவை எடுக்கவே வேண்டாம். அசலில் ஒரு கோடு விழுந்தாலும் பழி உங்கள் மேல்தான். நகல் எடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. கைப்பேசிப் படத்தை நம்பாமல் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள், இரண்டு பக்கமும்.

இரண்டு பக்கமும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கையெழுத்தையே கால்மணி நேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது தற்செயலாகத்தான் தாளைத் திருப்பினேன். முத்திரைத்தாள் விற்பனையாளரின் ரப்பர் முத்திரை. கீழே மையில் எழுதிய விற்பனைத் தேதி, மார்ச் 19. முன்பக்கத்தில் ஒப்பந்தத் தேதியோ மார்ச் 3. எனக்கு வந்த நகலில் பின்பக்கமே இல்லை. அங்கே வாயைத் திறக்காமல் வந்து என் வக்கீலிடம் சொன்னேன். எதிர்வழக்குரையில் அது ஒரு பத்தியாக ஏறியது.

காட்ட மறுத்தால் விதி 18-இல் மனு. காட்டாத ஆவணத்தை, தகுந்த காரணம் சொல்லி நீதிமன்றத்தின் ஒப்புதலைப் பெறாமல் அவர்கள் பிறகு சான்றாக்க முடியாது.

பிற்சேர்க்கை: தன் வழக்கில் இது பொருந்தவில்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடையது வணிக நீதிமன்ற வழக்கு. 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே கட்டளை 11 என்பதே வேறு: எதிர்வழக்குரை தாக்கலான 30 நாட்களுக்குள் பார்வையிடலை முடிக்க வேண்டும், எதிர்க்கோரிக்கைக்கான (பிரதிவாதி திருப்பி எழுப்பும் கோரிக்கை) எதிர்வழக்குரை பின்னர் வந்தால் அன்றிலிருந்து கணக்கு.