சர்வரில் மிச்சம் கிடக்கும் சிஹெச்ரூட்களை ஹோம் டைரக்டரியை இழக்காமல் அகற்றுவது எப்படி

கூடலூர், பந்தலூர் பக்கமெல்லாம் ஆடியிலேயே கொட்டித் தீர்த்துவிடும். கோத்தகிரிக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். எங்கேயாவது ஒரு சில்வர் ஓக் மரம் கம்பி மேல் சாயும், கரண்ட் போகும், யுபிஎஸ் 20 நிமிஷம் தாங்கும், அப்புறம் சர்வர் ஓடிக்கொண்டிருந்த வேலையோடு அப்படியே நின்றுவிடும். நாங்கள் பசுந்தேயிலை எடை போடும் மெஷின்களுக்கு மென்பொருள் எழுதுகிறோம், அதை டெபியன் லினக்ஸ் சர்வர் ஒன்றில் சிஹெச்ரூட்டுகளுக்குள் (ஒரு டைரக்டரிக்குள் அடைத்த தனி சிஸ்டம்) வைத்து பில்ட் செய்கிறோம், அதாவது ஓடும் புரோகிராமாகக் கட்டுகிறோம். நடுவில் கரண்ட் போன ஒவ்வொரு பில்டும் ஒரு சிஹெச்ரூட் செஷனை, அதாவது அந்த வேலைக்காகத் திறந்த தற்காலிக சிஹெச்ரூட்டை, மூடாமல் விட்டுவிட்டுப் போகும். ஒரு மழைக்காலம் முடிந்து பார்த்தால் டிஸ்க் நிரம்பிக் கிடக்கும்.

புதிதாக சர்வர் பார்க்க வருகிற தம்பி, தங்கைகள் இந்த இடத்தில்தான் நேராக கோப்புகளை அழிக்கும் ஆர்எம் கட்டளைக்குப் போகிறார்கள். தயவுசெய்து போகாதீர்கள். ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சிஹெச்ரூட் என்பது 1979-இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இருந்த பழைய வசதி. ஒரு டைரக்டரியைக் காட்டி, "இனி உனக்கு இதுதான் ரூட்" என்று ஒரு ப்ராசஸிடம் சொல்லிவிடுவது, அவ்வளவுதான். அந்த டைரக்டரிக்குள் முழு சிஸ்டமும் இருக்கும், அதற்கென்று தனி பின், தனி லிப், தனி ஈடிசி. ஆனால் இது விர்ச்சுவல் மெஷின் இல்லை, கெர்னல் ஒன்றேதான். அதனால் கெர்னல் தரும் ப்ராக், சிஸ், டெவ் டைரக்டரிகள் மூன்றையும் வெளியிலிருந்து உள்ளே மவுண்ட் செய்தால்தான், அதாவது உள்ளேயும் தெரியும்படி மாட்டினால்தான், உள்ளே இருக்கும் புரோகிராம்கள் ஒழுங்காக ஓடும். பெரும்பாலான இடங்களில் வசதிக்காக ஹோம் டைரக்டரியையும் பைண்ட் மவுண்ட் செய்து வைத்திருப்பார்கள். பைண்ட் மவுண்ட் நகல் இல்லை, ஒரே அறைக்கு இரண்டாவது வாசல். சிஹெச்ரூட்டுக்குள் தெரியும் ஹோமில் ஒரு கோப்பை அழித்தால் உண்மையான ஹோமிலும் அது போய்விடும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கு இது நடந்தது. பழைய சிஹெச்ரூட் என்று நினைத்து ஆர்எம் கொடுத்தேன், வழக்கத்தைவிட நேரம் எடுக்கிறதே என்று சந்தேகப்பட்டு கண்ட்ரோல்-சி அழுத்துவதற்குள், என்னோடு வேலை செய்யும் தோழியின் ஹோமில் பாதி போய்விட்டது. தராசிலிருந்து எடையைப் படிக்கும் பகுதியை அவர் பத்து நாளாக எழுதிக்கொண்டிருந்தார். பேக்கப் எடுத்தது முந்தைய மாதம். அதற்குப் பிறகு நான் பின்பற்றும் வரிசைதான் கீழே இருப்பது.

முதலில் என்ன கிடக்கிறது என்று பாருங்கள்

போனில் சொல்வது போலவே சொல்கிறேன், நீங்கள் அப்படியே அடித்துக்கொள்ளுங்கள். சிஹெச்ரூட் என்ற சொல்லுக்கு முன்னால் எஸ் சேர்த்தால் எஸ்சிஹெச்ரூட், செஷன்களைக் கவனித்துக்கொள்ளும் கருவி அதுதான். அதோடு ஹைஃபன் எல், பிறகு இரண்டு ஹைஃபனோடு ஆல்-செஷன்ஸ். திறந்து கிடக்கும் செஷன்களின் பட்டியல் வரும். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் செஷன் என்ற சொல்லும் ஒரு முக்காற்புள்ளியும் இருக்கும். வேறு விதமாகப் பட்டியல் எடுக்கும்போது சிஹெச்ரூட், சோர்ஸ் என்று தொடங்கும் பெயர்களும் வரலாம், அவை மூலப் பிரதிகள். அவற்றைத் தொடக்கூடாது, போனால் எல்லாவற்றையும் திரும்பக் கட்ட வேண்டும். நாம் தேடுவது செஷன் என்று தொடங்குபவற்றை மட்டும்.

எது பழையது, எது இப்போது ஓடுகிறது என்று பெயரை வைத்துச் சொல்ல முடியாது. /வார்/லிப்/எஸ்சிஹெச்ரூட்/செஷன் என்ற டைரக்டரியில் ஒவ்வொரு செஷனுக்கும் ஒரு கோப்பு இருக்கும், எல்எஸ் ஹைஃபன் எல் போட்டால் தேதி தெரியும். தேதி பழையது என்பதற்காக மட்டும் மூடிவிடாதீர்கள், மூன்று நாளாக ஒரே செஷனைத் திறந்து வைத்து வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். கேட்டுவிடுங்கள். எங்கள் அறையில் ஒரு முறை சத்தமாகக் கேட்டாலே போதும், உங்கள் சர்வரை வேறு ஊரிலிருந்து பயன்படுத்துகிறார்கள் என்றால் ஒரு மெசேஜ் போட்டுக் காத்திருங்கள்.

ஆள் இல்லாமல் ப்ராசஸ் மட்டும் உள்ளே மாட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. லினக்ஸில் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் ப்ராக் டைரக்டரியின் கீழே அதன் எண்ணில் ஒரு டைரக்டரி இருக்கும், அதற்குள் ரூட் என்று ஒரு லிங்க் இருக்கும். அந்த ப்ராசஸ் எந்த டைரக்டரியை ரூட் என்று நம்பிக்கொண்டிருக்கிறது என்பதை அது காட்டும். சூடோவோடு எல்லா ரூட் லிங்குகளையும் எல்எஸ் ஹைஃபன் எல் செய்து, வருவதை க்ரெப்பில் உங்கள் சிஹெச்ரூட் பாதையைக் கொடுத்து வடிகட்டுங்கள். வெறும் சாய்கோட்டைக் காட்டுபவை வெளியே இருப்பவை, சிஹெச்ரூட்டின் முழுப் பாதையைக் காட்டுபவை உள்ளே இருப்பவை. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது, ஏமாற்றாது.

அப்புறம் செஷனை முறையாக மூடுங்கள்

எஸ்சிஹெச்ரூட், ஹைஃபன் இ, ஹைஃபன் சி, பிறகு பட்டியலில் வந்த முழுப் பெயர். உள்ளே மவுண்ட் ஆனதையெல்லாம் சரியான வரிசையில் கழற்றி, தற்காலிகக் கோப்புகளையும் அதுவே நீக்கிவிடும். பத்தில் ஒன்பது செஷன்கள் இதிலேயே முடிந்துவிடும். ஆல்-செஷன்ஸ் கொடுத்து ஒரே அடியில் எல்லாவற்றையும் மூடவும் முடியும், ஆனால் பலர் பயன்படுத்தும் சர்வரில் நான் அதைச் செய்வதில்லை. ஃபோர்ஸ் என்று ஒரு விருப்பமும் இருக்கிறது, அதைக் கொடுத்தால் மவுண்ட்கள் கழறாமலேயே செஷன் முடிந்ததாக ஆகிவிடலாம். ஆரம்பத்தில் அது வேண்டாம்.

"டார்கெட் இஸ் பிஸி" என்று வந்தால் ஏதோ ஒரு ப்ராசஸ் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். மேலே சொன்ன சோதனையில் கிடைத்த எண்ணை வெறும் கில் கட்டளைக்குக் கொடுங்கள், அது ப்ராசஸை ஒழுங்காக முடித்துக்கொள்ளச் சொல்லும், சில விநாடி பொறுங்கள். ஹைஃபன் 9 கடைசி வழி. இணையத்தில் ஃப்யூசர் கட்டளையை ஹைஃபன் கே, ஹைஃபன் எம் சேர்த்துப் போடச் சொல்லும் குறிப்புகள் நிறைய கிடைக்கும். பைண்ட் மவுண்ட் இருக்கும் இடத்தில் அது அந்த முழு ஃபைல்சிஸ்டத்தைப் பயன்படுத்தும் எல்லா ப்ராசஸையும் கொன்றுவிடும், அதாவது கிட்டத்தட்ட சர்வரையே.

பட்டியலில் இல்லை, ஆனால் டைரக்டரி கிடக்கிறது

கையால் கட்டிய சிஹெச்ரூட், அல்லது செஷன் கோப்பு தொலைந்துபோனது, இப்படி மிச்சங்கள் இருக்கும். இங்கேதான் நிதானம் வேண்டும். ஃபைண்ட்மவுண்ட் கட்டளையைப் போடுங்கள், அடிக்கும்போது எஃப்-ஐ-என்-டி-எம்-என்-டி. மவுண்ட்கள் எல்லாம் மரம் போலக் கிளைவிட்டுத் தெரியும், அதில் உங்கள் டைரக்டரியின் கீழே இருப்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கழற்றும் கட்டளை யுமவுண்ட், யு-வுக்குப் பிறகு என் கிடையாது, நேராக எம். ஆழத்தில் இருப்பதிலிருந்து தொடங்குங்கள்: டெவ்-க்குள் டெர்மினல்களுக்காக இருக்கும் பிடிஎஸ் முதலில், பிறகு டெவ், பிறகு ப்ராக், சிஸ், ஹோம். ஹைஃபன் எல் கொடுத்து சோம்பலாகக் கழற்றும் முறை ஒன்று உண்டு. கழன்றது போலத் தெரியும், உள்ளே இருக்கும் ப்ராசஸ் பிடித்துக்கொண்டேதான் இருக்கும். அதனால் நான் அதைப் பயன்படுத்துவதில்லை.

டெவ்-வை ஆர்பைண்ட் முறையில், அதாவது அதன் கீழே இருக்கும் மவுண்ட்களையும் சேர்த்து, மவுண்ட் செய்திருந்தால் இன்னொன்று உண்டு. இப்போதைய சிஸ்டம்களில் மவுண்ட்கள் ஒன்றோடொன்று பகிரப்பட்டிருக்கும், நீங்கள் உள்ளே இருக்கும் பிடிஎஸ்ஸைக் கழற்றினால் வெளியே இருக்கும் உண்மையான பிடிஎஸ்ஸும் கழன்றுவிடும், அப்புறம் சர்வருக்குள் புதிதாக ஒரு டெர்மினல்கூடத் திறக்க முடியாது. அதனால் கழற்றுவதற்கு முன்னால் மவுண்ட் கட்டளையில் மேக்-ஆர்ஸ்லேவ் என்ற விருப்பத்தை அந்த டெவ் பாதைக்குக் கொடுத்துவிடுங்கள். தொடர்பு அறுந்துவிடும், பிறகு பயமில்லாமல் கழற்றலாம்.

இப்போது சரிபார்ப்பு. ஃபைண்ட்மவுண்டை மறுபடி ஓட்டுங்கள், உங்கள் பாதை ஒரு வரியில்கூட வரக்கூடாது. அது போதாது என்பது என் எண்ணம். உள்ளே இருக்கும் ப்ராக், சிஸ், ஹோம் மூன்றையும் ஆர்எம்டிர் கட்டளையால் நீக்கிப் பாருங்கள். ஆர்எம்டிர் காலி டைரக்டரியை மட்டும்தான் நீக்கும், உள்ளே ஒரு கோப்பு இருந்தாலும் மறுத்துவிடும், அந்த இடத்தில் மவுண்ட் இருந்தாலும் மறுத்துவிடும். மூன்றும் போய்விட்டால் அடுத்த வேலைக்குப் போகலாம். ஒன்று மறுத்தாலும் கையை எடுத்துவிட்டுத் திரும்பப் பாருங்கள்.

அப்புறம்தான் ஆர்எம் ஹைஃபன் ஆர்எஃப், கூடவே ஒன்-ஃபைல்-சிஸ்டம் என்ற விருப்பம். இந்த விருப்பம் இருந்தால் வேறு ஃபைல்சிஸ்டத்துக்குள் ஆர்எம் போகாது, அதனால் இதையே கவசமாக நம்புகிறவர்கள் உண்டு. ஹோம் தனிப் பார்ட்டிஷனில் இருந்தால் சரி. ஹோமும் சிஹெச்ரூட்டும் ஒரே பார்ட்டிஷனில் இருந்தால் பைண்ட் மவுண்டும் அதே ஃபைல்சிஸ்டம்தான், ஆர்எம்முக்கு வித்தியாசமே தெரியாது, நேராக உள்ளே போய்விடும். என் தோழியின் கோப்புகள் போன அன்று இந்த விருப்பத்தைக் கொடுத்துத்தான் இருந்தேன்.

மூலைமுடுக்குகள்

மூலப் பிரதியைத் தொடாமல் மாற்றங்களை மட்டும் தனியாக வைக்கும் ஓவர்லே முறையில் ஓடும் சிஹெச்ரூட்களின் மாற்றங்கள் /வார்/லிப்/எஸ்சிஹெச்ரூட்/யூனியன் கீழே தங்கியிருக்கும். திறந்த செஷன் எதுவும் இல்லை, மவுண்டும் இல்லை என்று உறுதியானால் அங்கே கிடப்பதையும் நீக்கலாம். எல்விஎம் ஸ்னாப்ஷாட் வைத்து ஓட்டுகிறவர்கள் எல்விஎஸ் போட்டு மிச்சம் பார்த்துக்கொள்ளுங்கள். சிஹெச்ரூட்டே இனி வேண்டாம் என்றால் /ஈடிசி/எஸ்சிஹெச்ரூட்/சிஹெச்ரூட்.டி டைரக்டரியில் அதற்கான கோப்பையும் எடுத்துவிடுங்கள்.

எல்லாம் அழித்தும் டிஎஃப் கட்டளை காட்டும் டிஸ்க் அளவு குறையவில்லையா? அழித்த கோப்பை ஏதோ ஒரு ப்ராசஸ் இன்னும் திறந்து வைத்திருக்கிறது. எல்எஸ்ஓஎஃப் கட்டளைக்குப் பிறகு கூட்டல் குறி, பெரிய எழுத்து எல், 1 சேர்த்துப் போட்டால் யார் என்று தெரியும், அந்த ப்ராசஸை நிறுத்தியதும் இடம் திரும்பி வரும்.

மழைக்காலத்தில் இன்னொரு வேலையும் செய்கிறேன். சர்வர் திரும்ப எழும்போது பழைய செஷன்களை எஸ்சிஹெச்ரூட் மீட்டெடுத்து மறுபடி மவுண்ட் செய்துவிடும், நேற்று நீங்கள் கழற்றி வைத்த ஹோமும் அதோடு உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும். அதனால் பாதி வேலையில் கரண்ட் போய்விட்டால், வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடராமல், தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு ஃபைண்ட்மவுண்டிலிருந்து ஆரம்பிக்கிறேன்.