கொல்லையில் தங்கமீன் குளம்: குழி வெட்டி ஷீட் விரிப்பது எப்படி

கோல்டு ஃபிஷ் குளம் என்றதும் எல்லோரும் முதலில் யோசிப்பது எந்த வடிவம், எந்தக் கல், நடுவில் ஃபவுண்டன் வைக்கலாமா என்பதைத்தான். நம் ஊர் வெயிலில் அதெல்லாம் கடைசிக் கவலை. குழி எவ்வளவு ஆழம், விளிம்பு எவ்வளவு மட்டம், இந்த இரண்டும் சரியாக இருந்தால் மற்றதை மெதுவாகச் சரி செய்துகொள்ளலாம். தண்ணீர் விட்ட பிறகு இந்த இரண்டையும் திருத்த வேண்டுமென்றால் எல்லாவற்றையும் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

ஆழத்தை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணீர் மீன். 18 முதல் 24 டிகிரி வரை சுகமாக இருக்கும், 30-ஐத் தாண்டினால் திணற ஆரம்பிக்கும். தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்து நிற்கிற ஆக்சிஜனும் குறையும்: 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை நிற்பது 30 டிகிரியில் ஏழரையாக இறங்கிவிடும். மீனுக்கோ சூட்டில் மூச்சு அதிகம் தேவை. ஒரு அடி ஆழத்தில் அழகாகக் கட்டிய தொட்டிகளில் சித்திரை மாதத்தில் மீன் மேலே வந்து வாயைப் பிளப்பது இதனால்தான். குறைந்தது இரண்டரை அடி ஆழம் வேண்டும், மதியத்துக்கு மேல் நிழலும் வேண்டும்.

அதனால் இடம் பார்க்கும்போது வீட்டுக்குக் கிழக்குப் பக்கம் கிடைத்தால் விடாதீர்கள். காலை வெயில் செடிகளுக்குப் போதும், மதியத்துக்குப் பிறகு வீட்டின் நிழலே குளத்தின் மேல் விழும். வாஸ்து பார்க்கிறவர்கள் தண்ணீர் ஈசானிய மூலையில்தான் இருக்க வேண்டும் என்பார்கள். வடகிழக்கும் பெரும்பாலும் அந்த நிழலில் வருவதால் எனக்கு ஆட்சேபனை இல்லை, வீட்டில் ஒரு சண்டை மிச்சம். நிழல் வேண்டும் என்பதற்காக மரத்தடிக்குப் போக வேண்டாம். வேப்பமரம் இலையைக் கொட்டிக்கொண்டே இருக்கும், முருங்கையில் கம்பளிப்பூச்சி, தென்னை என்றால் மட்டை விழுந்து, தண்ணீர் கசியாமல் இருக்கக் குழிக்குள் விரிக்கிற ஷீட் கிழியும். செப்டிக் டேங்க், தண்ணீர்க் குழாய், எர்த் குழி, தரைக்கடியில் போகும் கரண்ட் ஒயர் எல்லாம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு பிறகு கடப்பாரையைத் தொடுங்கள்.

வெட்டுவதற்கு நல்ல நேரம் தை, மாசி. வடகிழக்குப் பருவமழை முடிந்து மண் இன்னும் கெட்டிப்படாமல் இருக்கும், நிலத்தடி நீரும் இறங்கத் தொடங்கியிருக்கும், கத்திரி வெயில் வருவதற்குள் குளமும் பழகிவிடும்.

அளவுக்கு ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். மேலே 8 அடி நீளம், 5 அடி அகலம், ஆழம் இரண்டரை அடி. பெருக்கினால் 100 கன அடி. ஒரு கன அடிக்கு 28 லிட்டர் சொச்சம். ஆனால் சுவர் சரிவும், செடித்தொட்டி வைக்க விடும் திட்டும் போக முக்கால் பங்குதான் தேறும், ஆக சுமார் 2,100 லிட்டர். வெட்டி வெளியே போட்ட மண் உதிர்ந்து பெருகும், கிட்டத்தட்ட ஒரு யூனிட், அதாவது நூறு கன அடி வரும். அதை எங்கே கொட்டுவது என்று முன்பே முடிவு செய்யாவிட்டால் கொல்லைக் கதவைத் திறக்க முடியாமல் மேடு நிற்கும். வடிவம் செவ்வகமோ முட்டை வடிவமோ போதும். வளைவும் நெளிவும் கூடக் கூட ஷீட்டில் மடிப்பும் வீணாகும் ஓரமும் கூடும். பழைய ஹோஸைத் தரையில் போட்டு வடிவம் பிடித்து, அதன் ஓரமாகக் கோலமாவைத் தூவிக் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

மண்ணைப் பொறுத்து வேலை மாறும். செம்மண் என்றால் யோகம், சுவர் வெட்டிய இடத்தில் நிற்கும். கரிசல் மண் கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும்; அங்கே ஷீட்டுக்கு அடியில் நாலு அங்குலமாவது மணல் மெத்தை வேண்டும். கடற்கரைப் பக்கத்து மணல் பூமியில் செங்குத்தாக வெட்டினால் சரியும், நாலரை அங்குலச் செங்கல் சுவர் ஒன்று உள்ளே எழுப்பிவிடுவதே நல்லது. டெல்டாவிலும் கடலோரத்திலும் கார்த்திகையில் நிலத்தடி நீர் தரையிலிருந்து இரண்டு மூன்று அடி ஆழம்வரை ஏறிவிடுகிற இடங்கள் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு அடி மட்டும் தோண்டி, மீதி ஒன்றரை அடியைத் தரைக்கு மேலே சுவராகக் கட்டுங்கள்; இல்லாவிட்டால் அடித்தண்ணீர் ஷீட்டை மேலே தூக்கிவிடும்.

மேல்மண்ணைத் தனியாக எடுத்து வையுங்கள், செடிக்கு ஆகும். சுவரை நேர் செங்குத்தாக விடாமல், ஒரு அடி இறங்கினால் மூன்று நாலு அங்குலம் உள்வாங்குகிற மாதிரி செதுக்குங்கள். செடித்தொட்டி வைக்க ஒரே ஒரு பக்கம் மட்டும், பத்து அங்குல ஆழத்தில் ஒரு அடி அகலத் திட்டு போதும். சுற்றிலும் படிப்படியாக விட்டால் பார்க்க நன்றாக இருக்கும்தான், ஆனால் கொக்கு நின்று மீன் பிடிக்க நீங்களே படி கட்டிக் கொடுத்த கணக்கு. தரையை ஒரு பக்கமாகச் சரித்து, கோடியில் ஒரு சாண் ஆழத்துக்குச் சின்னக் குழி விடுங்கள், கசடு அங்கே வந்து சேரும், பம்பையும் அதன் பக்கத்தில் வைக்கலாம். பாதியில் மழை வந்து குழியில் தண்ணீர் நின்றால் உடனே இறைத்துவிடுங்கள், ஒரு வாரம் விட்டால் கொசு உற்பத்தியாகிவிடும்.

அடுத்தது மட்டம். கண்ணால் பார்த்து மட்டம் என்று நினைப்பது எப்போதும் ஏமாற்றும், ஏனென்றால் தரையே சாய்ந்திருக்கும், காம்பவுண்டு சுவரும் அதோடு சேர்ந்து சாய்ந்திருக்கும். கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவல்தான் இதற்கு வழி: ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டியூபில் நடுவில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, குளத்தைச் சுற்றி ஐந்தாறு முளைக்குச்சி அடித்து, ஒவ்வொன்றிலும் தண்ணீர் நிற்கும் உயரத்தில் கோடு போடுங்கள். எல்லாக் கோட்டிலிருந்தும் விளிம்பு ஒரே அளவு கீழே இருக்க வேண்டும். ஒரு அங்குலம் தவறினாலும் தண்ணீர் ஒரு பக்கம் வழியும், எதிர்ப்பக்கம் ஷீட் பல்லிளிக்கும். தாழ்ந்த பக்கத்தை மண் போட்டு உயர்த்துவதைவிட உயர்ந்த பக்கத்தைச் சீவி இறக்குவது நல்லது, போட்ட மண் எப்படியும் அமுங்கும். இறக்கிய பிறகும் விளிம்பு முழுக்க அக்கம்பக்கத் தரையைவிட இரண்டு அங்குலமாவது மேலே நிற்க வேண்டும், இல்லையென்றால் முதல் மழையிலேயே சேறும் உரத்தண்ணீரும் உள்ளே வரும்.

இப்போது குழிக்குள் இறங்கி உட்கார்ந்து, சுவர் முழுவதையும் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பிய ஓட்டுச் சில், கண்ணாடித் துண்டு, வெட்டுப்பட்ட வேரின் கூரான முனை எல்லாம் கைக்குத்தான் தட்டுப்படும். வேரை வெளியே நீட்டாமல் அரை அங்குலம் உள்ளே தள்ளி வெட்டி, அந்தப் பள்ளத்தை ஈரமண் வைத்து அடையுங்கள். கையில் குத்துவது எதுவும் ஷீட்டிலும் குத்தும், அதுவும் மேலே இரண்டாயிரம் கிலோ தண்ணீர் அழுத்தும்போது. அடியில் இரண்டு அங்குலம் சலித்த மணல். பக்கச் சுவர்களுக்குப் பழைய சாக்கு, கம்பளம், அல்லது இருக்கவே இருக்கிறது ஃபிளெக்ஸ் பேனர், இரும்பு வளையங்களை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு இரட்டையாக மடித்துப் போடலாம். பேனரையே குளத்து ஷீட்டாக விரிக்கலாமே என்று கேட்காதீர்கள், மேல்பூச்சு உரிந்து தண்ணீரில் வரும்.

ஷீட் அளவுக் கணக்கு எளிது: நீளத்தோடு ஆழத்தின் இரட்டிப்பு, அதோடு இரண்டு பக்கமும் விளிம்புக்கு ஒவ்வோர் அடி. நம் குளத்துக்கு 8 + 5 + 2, ஆக 15 அடி. அகலத்துக்கு 5 + 5 + 2, ஆக 12 அடி. இந்தக் கணக்கில் திட்டின் படியும் அடங்கிவிடும், தனியாகக் கூட்ட வேண்டாம். பண்ணைக்குட்டைக்கு விற்கும் 500 மைக்ரான் ஹெச்டிபிஇ ஷீட் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், மூலையில் மடிப்பு எடுக்கச் சிரமம், ஆனால் உழைக்கும். சில்பாலின் எனும் பிளாஸ்டிக் தார்ப்பாய் என்றால் 300 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு 300 கிராம்) குறையாமல் வாங்குங்கள், வெயில் படும் விளிம்பில்தான் அது முதலில் நொறுங்கும் என்பதால் விளிம்பைக் கல்லால் முழுக்க மூடிவிட வேண்டும். இபிடிஎம் ரப்பர் எல்லாவற்றிலும் உயர்த்தி, விலையும் அப்படித்தான். எதை வாங்கினாலும் ஒட்டுப்போடாத ஒரே துண்டாகக் கேளுங்கள்.

சிமென்ட் தொட்டியே கட்டிவிடலாமே என்று கொத்தனார் கண்டிப்பாகச் சொல்வார். கட்டலாம், ஆனால் மண் கொஞ்சம் அமுங்கினாலே விரிசல் விடும், புதுச் சிமென்டிலிருந்து சுண்ணாம்பு இறங்கித் தண்ணீரின் காரம் ஏறும், பல தடவை நிரப்பி இறைத்த பிறகே மீன் விட முடியும். கொல்லையில் நாமே செய்கிற வேலைக்கு ஷீட்தான் லாயக்கு.

விரிக்கிற அன்று வெயில் நன்றாக அடிக்க வேண்டும். ஷீட்டைப் பிரித்து அரை மணி நேரம் வெயிலில் போட்டால் இளகிவிடும். இரண்டு மூன்று பேர் ஆளுக்கொரு மூலையாகப் பிடித்து, தரையில் இழுக்காமல் தூக்கி, நடுப்பகுதி குழியின் அடியில் படும்படி தளர்வாக இறக்குங்கள். ஓரத்தில் செங்கல் வைத்துக்கொள்ளுங்கள், கட்டிப்போட வேண்டாம். பிறகு தண்ணீரை மெதுவாகத் திறந்துவிடுங்கள். அரை அடி ஏறியதும் வெறுங்காலோடு உள்ளே இறங்கி, மூலையில் சேரும் ஷீட்டை அங்கங்கே சுருங்க விடாமல் புடவைக்குக் கொசுவம் வைப்பது போல ஒன்றிரண்டு பெரிய மடிப்பாக எடுத்து ஒரே திசையில் படிய வையுங்கள். தண்ணீர் ஏற ஏற ஷீட் உள்ளே இழுக்கும், அப்போது செங்கல்லைத் தளர்த்திக் கொடுங்கள். இழுத்துப் பிடித்தீர்கள் என்றால் அடி மூலையில் ஷீட் மண்ணைத் தொடாமல் அந்தரத்தில் நின்று, பிறகொரு நாள் அங்கேதான் கிழியும். குளம் முழுசாக நிரம்பி ஒரு இரவு கழியும்வரை கத்தரிக்கோலை எடுக்கவே கூடாது.

மறுநாள் விளிம்பைச் சுற்றி அரை அடி பள்ளம் எடுத்து, ஷீட்டின் ஓரத்தை அதில் மடித்துப் புதைத்து, மேலே கடப்பா கல்லைத் தண்ணீர்ப் பக்கம் இரண்டு அங்குலம் நீட்டிக்கொண்டு பதியுங்கள். அந்த நீட்டல் ஷீட்டை வெயிலிலிருந்து காப்பாற்றும், பூனை எட்டிப் பிடிப்பதையும் கடினமாக்கும். கல்லுக்கு அடியில் கலவை போட்டு மூடுவது பெருச்சாளிக்காக. அது ஓரத்தில் வளை பறித்தால் ஷீட்டுக்கு அடியில் மண் இல்லாமல் போய்விடும். கலவை தண்ணீரில் விழத்தான் செய்யும், அதனால் இந்த முதல் தண்ணீரை இறைத்துக் கழுவிவிட்டு மீண்டும் நிரப்புங்கள். மழைத்தண்ணீர் வழிய ஒரு ஓரத்தில் ஒன்றரை அங்குலக் குழாய் வைத்து, வாயில் வலை கட்டுங்கள், இல்லாவிட்டால் மீனும் கூடவே போகும்.

நீர்மட்டம் குறைகிறதே, ஓட்டையா ஆவியா என்ற சந்தேகம் வந்தால், ஒரு வாளியில் குளத்துத் தண்ணீரை நிரப்பிப் பக்கத்திலேயே வைத்து, இரண்டிலும் கோடு போட்டு இரண்டு நாள் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு குறைந்தால் வெயில் குடித்தது. குளம் மட்டும் அதிகம் குறைந்தால், எந்த உயரத்தில் குறைவது நிற்கிறதோ அந்தக் கோட்டிலேயே ஓட்டையைத் தேடுங்கள்.

ஃபில்டருக்குப் பெரிய செலவு வேண்டாம். மணிக்கு 2,000 லிட்டர் தள்ளும் சின்ன பம்பு ஒன்று, பெயிண்ட் வாளிகள் இரண்டு. முதல் வாளியில் ஸ்பாஞ்ச், அடுத்ததில் நைலான் ஸ்க்ரப்பரும் கழுவிய செங்கல் ஜல்லியும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா இதில்தான் குடியேறும், அதற்கு நாலு முதல் ஆறு வாரம் ஆகும். ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவினால் குளோரின் அத்தனையையும் கொன்றுவிடும், குளத்துத் தண்ணீரிலேயே அலசுங்கள். பம்பின் கரண்ட் லைன் கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி வழியாகத்தான் வர வேண்டும், இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். சின்னக் குழந்தை இருக்கிற வீடு என்றால் மேலே கம்பி கிரில் போட்ட பிறகே தண்ணீர்.

மீனுக்குச் சென்னைக்காரர்கள் கொளத்தூர் போவார்கள். வாங்கும்போது வால் ஒற்றையாக நீண்ட காமெட், ஷுபுன்கின் வகையாகப் பாருங்கள், வெளிக்குளத்தைத் தாங்குவது அவைதான். ஒராண்டா மாதிரி குண்டு உடம்புக்காரர்கள் கண்ணாடித் தொட்டியிலேயே இருக்கட்டும். நிரப்பியது குழாய்த் தண்ணீர் என்றால் பம்பு ஓட இரண்டு நாள் வெயிலில் விட்டு, குளோரின் போன பிறகு முதலில் மூன்று நாலு மீன் மட்டும் விடுங்கள். ஒரு மாதம் தாண்டி, டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும், பாக்டீரியா அதை மாற்றுவதால் வரும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகு மற்றவை. இந்தக் குளத்துக்குப் பத்துப் பன்னிரண்டுதான் உச்சவரம்பு, அவை ஒரு சாணுக்கு வளரும் என்பதை மறந்துவிடாதீர்கள். பையை நிழலில் இருபது நிமிடம் மிதக்கவிட்டு, குளத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து, சாயங்காலமாக விடுங்கள். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவுதான் தீனி. கோல்டு ஃபிஷுக்கு இரைப்பையே கிடையாது, போடப்போடக் கேட்டுக்கொண்டேதான் இருக்கும்.

முதல் சில வாரத்தில் தண்ணீர் பச்சையாகும். பதறி இறைக்க வேண்டாம், அல்லி வைத்துத் தண்ணீரின் பாதிக்கு மேல் நிழல் வந்தால் தானே தெளியும். வெங்காயத்தாமரை அழகாகத்தான் பூக்கும், ஆனால் அதையும் கூடுதலாகிப்போன மீன்குஞ்சையும் ஏரியிலோ வாய்க்காலிலோ கொண்டுபோய் விடாதீர்கள். மீன்கொத்தியும் மடையானும் எப்படியோ மோப்பம் பிடித்து வந்துவிடும், நைலான் வலை கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. தண்ணீர்ப்பாம்பு வந்தால் விஷமில்லை என்பது மீனுக்கு ஆறுதலாகாது.

மழைக்காலத்தில் குளத்தைக் காலி செய்து கழுவ நினைக்காதீர்கள், அடியில் தண்ணீர் ஏறியிருந்தால் ஷீட் பலூனாக எழும்பும். கோடையில் தினமும் குறைவதை ஈடுகட்டத் தண்ணீர் சேர்க்கும்போது, முந்தின நாளே டிரம்மில் பிடித்து வைத்ததை ஊற்றுங்கள். குழாயிலிருந்து நேராக ஹோஸைப் போட்டுவிட்டு டீ குடிக்க உள்ளே போனால், திரும்பி வரும்போது குளத்தில் பாதி குளோரின் தண்ணீராக இருக்கும்.