நாலு கம்ப்யூட்டர், ஒரு வைஃபை: நெட் எங்கே அறுகிறது என்று பிடிப்பது எப்படி

"அக்கா, வைஃபை அடிக்கடி கட் ஆகுது, ரூட்டரை மாத்திரலாமா?" என்று யாராவது போன் செய்தால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். எல்லா கம்ப்யூட்டரிலும் ஒரே நேரத்தில் போகிறதா, இல்லை ஒன்றில் மட்டும் போகிறதா? பெரும்பாலும் பதில் வராது. மீட்டிங் பாதியில் நின்ற கடுப்பில் அதையெல்லாம் யார் கவனிக்கிறார்கள்? ஒருவர் எழுந்து போய் ரூட்டர் ஸ்விட்சை அணைத்துப் போடுவார், எல்லாம் வந்துவிடும். மறுநாள் மறுபடி போகும்.

திண்டுக்கல்லில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ரூட்டர் விற்றால் எனக்கும் லாபம்தான். ஆனால் காரணம் தெரியாமல் மாற்றினால் புது ரூட்டரிலும் அதே கட் வரும், திட்டு மட்டும் எனக்கு விழும். அதனால் காசை எடுப்பதற்கு முன்னால் என்னென்ன பார்க்கலாம் என்று சொல்கிறேன்.

முதலில் இரண்டு பிங்

நெட் உங்கள் லேப்டாப்புக்கு இரண்டு துண்டாக வருகிறது. வெளியிலிருந்து ரூட்டர் வரை ஒரு துண்டு, ரூட்டரிலிருந்து லேப்டாப் வரை இன்னொன்று. இதில் எது அறுகிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதற்குத்தான் பிங்: ஒரு முகவரியிடம் 'இருக்கிறாயா' என்று கேட்டு, பதில் வருகிறதா என்று பார்ப்பது.

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, 'ஐபிகான்ஃபிக்' என்று ஆங்கிலத்தில் சேர்த்து அடியுங்கள். 'டீஃபால்ட் கேட்வே' என்ற வரியில் இருப்பதுதான் ரூட்டரின் முகவரி. அநேகமாக 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று இருக்கும். அப்புறம் இரண்டு ஜன்னல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்றில் 'பிங்', ஓர் இடைவெளி, ரூட்டரின் முகவரி, ஓர் இடைவெளி, ஒரு சிறுகோடு, அதை ஒட்டி 'டி'. இன்னொன்றிலும் அதேதான், முகவரி மட்டும் 8.8.8.8; அது வெளியே இருக்கும் கூகுளுடையது. மேக்கில் டெர்மினலைத் திறந்து அடித்தால் அந்த 'டி' வேண்டாம், நிறுத்தும்வரை தானே ஓடும். நிறுத்துவதற்கு கன்ட்ரோலும் சி-யும்.

இதை ஓடவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். நெட் போன அந்த நிமிடம் ஜன்னல்களைத் திரும்பிப் பாருங்கள். ரூட்டர் ஒழுங்காகப் பதில் சொல்லி, 8.8.8.8 மட்டும் 'டைம்டு அவுட்' என்றால் கோளாறு வெளியே. ரூட்டரே பதில் சொல்லவில்லையென்றால் கோளாறு வீட்டுக்குள். இரண்டும் பதில் சொல்கின்றன, பக்கம்தான் திறக்கவில்லை என்றால் டி.என்.எஸ். தகராறு, அதாவது தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை வேலை செய்யவில்லை; பிரவுசரில் ரூட்டரின் முகவரியை அடித்து அதன் பக்கத்தைத் திறந்து, டி.என்.எஸ். முகவரியை 8.8.8.8, 1.1.1.1 என்று மாற்றிப் பாருங்கள். முடிந்தால் இன்னொரு லேப்டாப்பை லேன் வயரில் ரூட்டரோடு இணைத்து, அதிலும் இதே பிங்கை ஓடவிடுங்கள். வயரில் இருப்பது நிற்காமல் ஓட, வைஃபையில் இருப்பது மட்டும் விழுந்தால் வேறு எதையும் சந்தேகிக்க வேண்டாம், வைஃபைதான்.

வெளியே என்றால்

ஃபைபர் மோடத்தில் 'எல்.ஓ.எஸ்.' லைட் சிவப்பாக எரிந்தால் வெளிச்சம் உள்ளே வந்து சேரவில்லை என்று அர்த்தம். அந்த மெல்லிய கேபிள் கதவிடுக்கில் நசுங்கியிருக்கிறதா, பீரோவுக்குப் பின்னால் சுருக்கென்று மடிந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மற்றது கனெக்‌ஷன் கொடுத்தவர் வேலை. சிவப்பு எரியும்போதே போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆள் வந்து நிற்கும்போது அது நிச்சயம் பச்சையாகத்தான் இருக்கும்.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போய், ஓரிரு நிமிடத்தில் தானே திரும்பி வருகிறதா? ரூட்டரின் பக்கத்துக்குள் போய் ஸ்டேட்டஸ் பகுதியில் 'அப்டைம்' என்ற வரியைத் தேடுங்கள். ரூட்டர் எவ்வளவு நேரமாக அணையாமல் ஓடுகிறது என்று அதில் இருக்கும். காலையில் போட்ட ரூட்டர் மத்தியானம் பத்து நிமிடம் என்று காட்டினால், நெட் போகவில்லை, ரூட்டரே அணைந்து எழுந்திருக்கிறது. அப்போது அடாப்டரைத்தான் முதலில் பாருங்கள். பழைய அடாப்டர் போய், வீட்டில் கிடந்த வேறொன்றைச் சொருகியிருப்பார்கள். ரூட்டருக்கு அடியில் 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று போட்டிருக்கும், சொருகியிருப்பது 0.5 ஆம்பியர். ஆள் இல்லாத நேரம் எப்படியோ ஓடும். நாலு பேர் ஒரே சமயம் உட்கார்ந்ததும் தாங்காது. கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும் அந்த ஒரு நொடியிலும் சில ரூட்டர்கள் அணைந்து எழும். அதற்கென்றே 12 வோல்ட்டில் சின்ன யூ.பி.எஸ். கிடைக்கிறது.

வீட்டில் இரண்டு ரூட்டர் இருந்தால்

இதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் போகிற மாடி வீடுகளில் ஒளிந்திருக்கும் கோளாறு இதுதான்.

நாகல் நகரில் ஒரு வீடு. கீழே ஃபைபர் மோடம் (அதுவும் ஒரு ரூட்டர்தான்), மாடியில் சிக்னல் வர யாரோ ஒரு பழைய ரூட்டரை வயர் இழுத்து மாட்டிக் கொடுத்திருந்தார்கள். மாடியில் கணவன் மனைவி இருவருக்கும் ஆபீஸ் லேப்டாப், கீழே காலேஜ் படிக்கும் பெண்ணுக்கு ஒன்று, தாத்தா வரவு செலவு பார்க்கும் டெஸ்க்டாப் ஒன்று. எப்போதும் யாராவது ஒருவருக்கு மட்டும் நெட் இருக்காது. வைஃபையை அணைத்துப் போட்டால் அவருக்கு வந்துவிடும், இன்னொருவருக்குப் போய்விடும்.

எல்லாவற்றிலும் ஐபிகான்ஃபிக் அடித்துப் பார்த்தேன். கேட்வே எல்லாவற்றிலும் 192.168.1.1. சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். அடுத்து 'ஏ.ஆர்.பி.', இடைவெளி, சிறுகோடு, 'ஏ' என்று அடித்தேன். ஒவ்வொரு முகவரிக்கும் பின்னால் இருக்கும் பெட்டியின் வன்பொருள் எண்ணை இது காட்டும். மாடி லேப்டாப்பில் 192.168.1.1-க்கு ஓர் எண், கீழே உள்ளதில் அதே 192.168.1.1-க்கு வேறோர் எண். இரண்டு பெட்டிகளும் அதே முகவரியில் உட்கார்ந்துகொண்டு, இரண்டும் முகவரி பங்கிட்டுக் கொண்டிருந்தன. எந்த லேப்டாப் மாடி ரூட்டரை வாசல் என்று நம்பியதோ, அதற்கு நெட் இல்லை. அந்த வாசலுக்கு அப்பால் வெளியே வழியே கிடையாது.

சரிசெய்யும் வரிசை முக்கியம். இரண்டாவது ரூட்டரிலிருந்து கீழே போகும் வயரைக் கழற்றிவிட்டு, ஒரு லேப்டாப்பை மட்டும் அதில் இணையுங்கள். அதன் பக்கத்தில் லேன் அமைப்புக்குப் போய் முகவரியை 192.168.1.2 என்று மாற்றிச் சேமியுங்கள். அது ரீஸ்டார்ட் ஆனதும் புது முகவரியில் மறுபடி உள்ளே போய், முகவரி பங்கிடும் 'டி.எச்.சி.பி. சர்வர்' என்பதை அணையுங்கள். இதை மாற்றிச் செய்து, முதலில் டி.எச்.சி.பி.யை அணைத்தால் லேப்டாப்புக்கு முகவரி கிடைக்காமல் ரூட்டருக்குள் போகவே திண்டாட வேண்டும். அப்புறம் கீழிருந்து வரும் வயரை இதன் லேன் ஓட்டையில் சொருகுங்கள். வேறு நிறத்தில் தனியாக இருக்கும் 'வேன்' ஓட்டையில் வேண்டாம். கீழ் மோடம் முகவரி கொடுக்கும் வரிசையை 192.168.1.10-இலிருந்து தொடங்கும்படி வைத்தால் அந்த 2-ஐ வேறு யாருக்கும் கொடுக்காது. புது முகவரியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ரூட்டர் மேலேயே ஒட்டிவிடுங்கள். எல்லா கம்ப்யூட்டரையும் ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது.

இப்போது வரும் ரூட்டர்கள் பலவற்றில் 'ஆக்சஸ் பாயின்ட் மோட்' என்றே ஒன்று இருக்கிறது. இருந்தால் அதைப் போட்டுவிட்டால் போதும், இத்தனை பாடும் இல்லை.

இன்னொன்று: ஐபிகான்ஃபிக்கில் முகவரி 169.254 என்று தொடங்கினால் ரூட்டர் அந்த கம்ப்யூட்டருக்கு முகவரியே கொடுக்கவில்லை. டிவி, கேமரா, போன்கள் எல்லாம் சேர்ந்து, கொடுக்க வைத்திருந்த வரிசை தீர்ந்திருக்கலாம். டி.எச்.சி.பி. பகுதியில் வரிசையை நீட்டிவிடுங்கள்.

வைஃபைதான் என்றால்

ரூட்டரை டிவிக்குப் பின்னாலும் இரும்பு பீரோ மேலும் ஒளித்து வைக்காதீர்கள். அழகாக இல்லை என்பார்கள், இருக்கட்டும். வீட்டின் நடுவில், ஆள் உயரத்துக்கு, திறந்த இடத்தில் இருக்க வேண்டும். செட்டாப் பாக்ஸ் மேல் வைத்தால் சூடு வேறு.

வைஃபை பெரும்பாலும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் ஓடுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாமல் ஓடுவது 1, 6, 11 என்ற மூன்று சேனல்கள்தான். அபார்ட்மென்ட் என்றால் அக்கம்பக்கத்து ரூட்டர் எல்லாம் அதற்குள்ளேயே நெருக்குகின்றன. போனில் வைஃபை அனலைசர் ஆப் ஒன்றைப் போட்டு, மூன்றில் எது காலியாக இருக்கிறதோ அதை வையுங்கள். சேனலின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். 40 வைத்தால் வேகம் என்று ஆசை காட்டும், ஆனால் பாதித் தெருவோடு சண்டை. சமையலறையில் மைக்ரோவேவ் ஓடும்போதெல்லாம் போகிறதென்றால் அதுவும் இதே 2.4-இல்தான் இரைகிறது.

ரூட்டர் இருக்கும் அறையிலும் பக்கத்து அறையிலும் உள்ளவர்களை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடுங்கள். சுவர் கூடக்கூட அது செத்துப்போகும், ஆனால் கிட்டத்தில் நன்றாக ஓடும். 5-இன் பெயர் மட்டும் திடீரென்று மறைந்து ஒரு நிமிடம் கழித்து வருகிறதா? சேனல் 52-க்கும் 144-க்கும் நடுவில் எதிலாவது இருக்கலாம். அவை ரேடாருக்கும் பொதுவானவை. ரேடார் மாதிரி ஏதாவது தென்பட்டால் ரூட்டர் அந்த சேனலைக் காலி செய்தாக வேண்டும். 36 முதல் 48-க்குள் ஒன்றை வைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

ஒரே ஒரு லேப்டாப்பில் மட்டும் என்றால் டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டின் 'பவர் மேனேஜ்மென்ட்' பகுதியில், மின்சாரம் மிச்சம் பிடிக்க கார்டை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். அந்தப் பகுதியே இல்லாத லேப்டாப்பும் உண்டு. அப்போது வைஃபை டிரைவரைப் புதுப்பித்துப் பாருங்கள். வெளி ஹார்ட் டிஸ்க் சொருகும்போது மட்டும் போனால் அந்த யூ.எஸ்.பி. 3.0 கேபிளின் இரைச்சல் காரணமாக இருக்கலாம். அதுவும் 2.4-ஐத்தான் கெடுக்கும், 5-க்கு மாறினால் போதும்.

பிங் விழவில்லை, ஆனால் 10, 20 மில்லிசெகண்டாக இருந்தது 800 ஆகி மீட்டிங் திக்குகிறது என்றால் யாரோ ஒருவர் அப்லோடை முழுக்க எடுத்துக்கொண்டிருக்கிறார். போட்டோ பேக்கப்பாக இருக்கும், இல்லை கேமரா பதிவு மேலே போய்க்கொண்டிருக்கும். பேக்கப்பை ராத்திரிக்குத் தள்ளுங்கள்.

நகராத எதற்கும் வைஃபை தேவையில்லை என்பது என் கட்சி. டெஸ்க்டாப், டிவி, மேஜையை விட்டு அசையாத ஆபீஸ் லேப்டாப், எல்லாவற்றுக்கும் கேட் 6 வயர் இழுத்துவிடுங்கள். 100 மீட்டர் வரை தாங்கும், வீட்டுக்கு அது ஏராளம். இவை வயருக்குப் போய்விட்டால் மிச்சம் இருக்கும் போன்களுக்கு வைஃபை தாராளமாகிவிடும்.

இவ்வளவும் பார்த்து, அடாப்டரும் சரியாக இருந்து, வயரில் இணைத்த லேப்டாப்புக்கும் ரூட்டர் பதில் சொல்லாமல் உறைந்து நின்றால் சாஃப்ட்வேரைப் புதுப்பித்துப் பாருங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் ரூட்டரை மாற்றத்தான் வேண்டும். புதியதில் பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் ஓர் எழுத்துகூட மாறாமல், பாதுகாப்பு வகையையும் அப்படியே வையுங்கள். பிரிண்டர், டிவி, கேமரா என்று ஒவ்வொன்றிலும் போய்ப் பாஸ்வேர்டு அடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.