கூட்டுக்குள் கேமரா: லவ் பேர்ட்ஸ் குஞ்சுகளை நேரலையில் பார்ப்பது எப்படி?

நம் ஊர்க் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கிற குட்டிக் கிளியின் சரியான பெயர் பட்ஜி. ஆஸ்திரேலியப் பறவை. நம்முடைய பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதால், இங்கே நான் சொல்வதெல்லாம் பட்ஜிக்குத்தான்.

என் முதல் ஜோடி முட்டையிட்டபோது ஆசை தாங்காமல் நாளைக்கு நாலு தடவை கூட்டைத் திறந்து பார்த்தேன். பெட்டை அடைகாப்பதை விட்டுவிட்டது. அந்த வருத்தத்தில்தான் கேமரா வைக்கக் கற்றுக்கொண்டேன்.

1. பெட்டி

மண்பானையில் கேமரா நிற்காது. உயரமான மரப்பெட்டி செய்துகொள்ளுங்கள். கேமரா மேல்மூடியில் கீழே பார்த்தபடி இருக்கட்டும். வயர் முழுக்கப் பெட்டிக்கும் கூண்டுக்கும் வெளியே போக வேண்டும். அலகுக்கு எட்டினால் கடித்துவிடும். காற்றோட்டத்துக்கு மேலே நாலைந்து துளை போடுங்கள்.

2. கேமரா

இருட்டிலும் தெரிகிற வைஃபை கேமரா போதும். 940 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்கு உள்ளது கிடைத்தால் நல்லது, சிவப்பு வெளிச்சம் தெரியாது. விலை குறைந்த கேமராக்கள் பல, கிட்டத்தில் இருப்பதை மங்கலாகக் காட்டும். மாட்டுவதற்கு முன் ஒரு ரூபாய் நாணயத்தை 30 செ.மீ. தள்ளி வைத்துப் போனில் பாருங்கள். எழுத்து தெளிவாகத் தெரிந்தால் சரி. ஸ்பீக்கரையும் மினுக்கும் விளக்கையும் அணைத்துவிடுங்கள்.

முக்கியமாக, இதையெல்லாம் ஜோடி சேர்ப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். முட்டை வந்தபின் கை வைக்காதீர்கள்.

3. நேரலை

வீட்டார் மட்டும் பார்க்க கேமராவின் ஆப் போதும். கடவுச்சொல்லை மட்டும் மாற்றிவிடுங்கள். யூடியூபில் விட விரும்பினால் அந்த வசதி கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகலாம், முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

4. என்ன பார்ப்பது?

ஒருநாள் விட்டு ஒருநாளாக நாலிலிருந்து ஆறு முட்டை வரை வரும். ஒவ்வொன்றின் தேதியையும் குறித்து வையுங்கள், ஏறக்குறைய 18-ஆம் நாள் பொரியும். பெட்டை மட்டுமே அடைகாக்கும். ஆண் வாசலுக்கு வந்து அதற்கு ஊட்டிவிட்டுப் போகும்.

குஞ்சு பிறக்கும்போது இரண்டு கிராம்தான். உடம்பில் இறகு இருக்காது, கண் திறந்திருக்காது. தாய் அதை மல்லாக்கப் போட்டு அலகோடு அலகு வைத்து ஊட்டும். கொஞ்ச நேரத்தில் கழுத்தடியில் தீனிப்பை வெள்ளையாகப் புடைத்துத் தெரியும். அதைத்தான் தினமும் தேடிப் பாருங்கள். மூத்தது பெருத்துக்கொண்டு வர, கடைசியாய்ப் பொரிந்தது அதன் வயிற்றடியில் ஒடுங்கிக் கிடக்கும். அதன் தீனிப்பை வெகுநேரம் காலியாகவே இருந்தால் மட்டும், அனுபவமுள்ள வளர்ப்பாளரைக் கேட்டுவிட்டுப் பெட்டியைத் திறங்கள்.

பத்து நாளில் கண் திறக்கும். அப்புறம் முள்முள்ளாய் இறகு கிளம்பும். ஐந்தாவது வாரம் வாக்கில் மூத்தது வாசலில் தலையை நீட்டி, ஒருநாள் வெளியே வந்துவிடும். அதோடு தீனி நிற்காது, அப்பன் வெளியிலும் ஒன்றிரண்டு வாரம் ஊட்டும். கடைசிக் குஞ்சும் வெளியே வந்ததும் கேமராவைக் கழற்றிக் கூண்டைப் பார்த்து மாட்டுங்கள்.