வீட்டு ஏசி: அளவைத் தேர்ந்தெடுப்பதும் பொருத்தும் செலவைக் கணக்கிடுவதும்

ஏசி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இயந்திரத்தின் விலையை நான்கைந்து இடங்களில் விசாரித்துப் பேரம் பேசிவிட்டு, அதைப் பொருத்தும் வேலையைக் கடையிலிருந்து யார் வந்தாலும் சரி என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் ஸ்பிளிட் ஏசி என்பது தொழிற்சாலையிலிருந்து பாதி வேலை முடிந்த நிலையில் வருகிற பொருள். உள் யூனிட்டையும் வெளி யூனிட்டையும் செம்புக் குழாயால் இணைத்து, குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் நீக்கி, மின்சாரமும் வடிகாலும் கொடுத்த பிறகுதான் அது முழு இயந்திரமாகிறது. அந்த இரண்டாம் பாதி வேலை உங்கள் வீட்டுச் சுவரில், பெரும்பாலும் யாருடைய மேற்பார்வையும் இல்லாமல், ஓரிரு மணி நேரத்தில் நடந்து முடிகிறது. ஆகவே விலையை ஒப்பிடும்போது பெட்டியின் விலையை மட்டும் ஒப்பிடாமல், பொருத்தி முடித்து ஓட்டிக் காட்டும் வரையிலான மொத்த வேலையின் விலையை ஒப்பிட வேண்டும்.

முதலில் அளவு. ஏசியின் திறனை டன் கணக்கில் சொல்வது பனிக்கட்டி வணிகக் காலத்திலிருந்து வந்த வழக்கம். ஏறத்தாழ 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகுவதற்கு எவ்வளவு வெப்பம் தேவையோ, அவ்வளவு வெப்பத்தை அதே நேரத்தில் வெளியேற்றும் திறனே ஒரு டன். இன்றைய கணக்கில் அது மணிக்கு 12,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் ஓர் அலகு), அதாவது சுமார் 3.5 கிலோவாட். இயந்திரத்தின் எடைக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

அறையின் சதுர அடியை மட்டும் கேட்டுவிட்டு டன் அளவைச் சொல்லிவிடுகிற விற்பனையாளரின் பேச்சை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. பரப்பு ஒரு தொடக்கப் புள்ளிதான். உண்மையில் இயந்திரம் போராடுவது அறைக்குள் வந்து சேரும் வெப்பத்தோடு. நேரடி வெயில் படும் சாதாரணக் கண்ணாடி, உச்ச நேரத்தில், ஒரு சதுர மீட்டருக்கு 500 வாட் அளவுக்குக்கூட வெப்பத்தை உள்ளே விடக்கூடும். மாலை வெயில் விழும் மேற்குச் சுவரில் இரண்டு சதுர மீட்டர் ஜன்னல் இருந்தால், அந்த ஜன்னலுக்கு மட்டுமே கால் டன்னுக்கு மேல் திறன் போய்விடும் என்பதைப் பார்த்தால், ஒரே பரப்புள்ள இரண்டு அறைகளுக்கு வெவ்வேறு ஏசி ஏன் தேவைப்படுகிறது என்பது விளங்கும். இதோடு மேல்தளம் நேரே வெயிலில் காய்கிறதா, கூரை எவ்வளவு உயரம், எத்தனை பேர் படுப்பார்கள் (சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறார்), கணினியோ குளிர்பெட்டியோ அதே அறையில் ஓடுகிறதா, கதவு அடிக்கடி திறக்கப்படுமா என்பவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். இடத்தை நேரில் பார்த்து இவற்றைத் தாமாகவே கேட்கிற நிறுவனம் என்றால், அதன் விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் அதற்குக் காது கொடுக்கலாம்.

எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு படி பெரிதாக எடுப்பது பாதுகாப்பான முடிவு என்று பலர் நினைக்கிறார்கள். சாதாரண கம்ப்ரஸர் கொண்ட இயந்திரத்தில் இது நேர்மாறாகவே முடியும். தேவைக்கு மிஞ்சிய ஏசி அறையைச் சில நிமிடங்களில் குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். காற்றிலிருக்கும் ஈரம் குளிர்ந்த சுருள்மீது படிந்து வடிவதற்கு இயந்திரம் தொடர்ந்து ஓட வேண்டும் என்பதால், இந்த நின்று நின்று ஓடும் போக்கில் அறை சில்லென்று இருந்தாலும் பிசுபிசுப்பு போகாது. இன்வெர்ட்டர் ஏசி தேவைக்கேற்பக் கம்ப்ரஸரின் வேகத்தைக் குறைத்துக்கொள்வதால் இந்தக் குறை அதில் வெகுவாகக் குறைகிறது. ஆனாலும் அதற்கும் ஒரு கீழெல்லை உண்டு, அந்த எல்லைக்குக் கீழே போனால் அதுவும் நின்றுதான் ஓடும். பெரிய இயந்திரத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் அந்த ஜன்னலுக்கு வெளியே ஒரு நிழல் மறைப்பு போட முடியுமா என்று பாருங்கள். வெயிலை உள்ளே விட்டுவிட்டு அதை மின்சாரம் கொடுத்து வெளியேற்றுவதைவிட அது பெரும்பாலும் மலிவு.

வகையைப் பொறுத்தவரை அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. வாடகை வீட்டில் குறுகிய காலம் இருப்பவர்களுக்கும், சுவரில் ஏற்கெனவே அதற்கான திறப்பு உள்ளவர்களுக்கும் ஜன்னல் ஏசி போதும். அது மூடிய இயந்திரமாகவே வருவதால் கேஸ் (குளிரூட்டும் வாயு) இணைப்பு வேலையே கிடையாது. ஒற்றைக் குழாயோடு தரையில் நிற்கும் நகரும் ஏசி, அறைக்குள் இருக்கும் காற்றையே வெப்பத்தோடு வெளியே தள்ளுவதால், அதற்கு ஈடாக வெளிக்காற்று இடுக்குகளின் வழியே உள்ளே வந்துகொண்டே இருக்கும். வேறு வழியே இல்லாதபோது மட்டும் அதை நாடலாம். மற்றபடி ஓர் அறைக்கு ஸ்பிளிட் ஏசிதான். ஒரே வெளி யூனிட்டில் பல அறைகளை இணைக்கும் மல்டி ஸ்பிளிட், வெளியே இடம் குறைவாக இருந்தால் பயன்படும். ஆனால் அந்த ஒன்று பழுதானால் எல்லா அறைகளும் ஒன்றாக நின்றுவிடும்.

சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திரங்களையும் லேபிள்களையும் பார்ப்பதோடு நிறுத்தாமல், அதிலிருக்கும் பருவகாலத் திறன் எண்ணை (ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை யூனிட் வெப்பத்தை வெளியேற்றுகிறது என்பதை) எடுத்து ஒரு சிறு கணக்குப் போடுங்கள். உங்கள் அறையிலிருந்து சராசரியாக 2.5 கிலோவாட் வெப்பத்தை நாளொன்றுக்கு 8 மணி நேரம் வெளியேற்ற வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 20 யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பம். திறன் எண் 3.5 கொண்ட இயந்திரம் அதற்கு ஏறக்குறைய 5.7 யூனிட் மின்சாரம் எடுக்கும். 5 கொண்டது 4 யூனிட் எடுக்கும். ஆண்டில் 200 நாள் ஓட்டினால் வித்தியாசம் சுமார் 340 யூனிட். அதை உங்கள் மின்கட்டண வீதத்தால் பெருக்கிப் பாருங்கள். கட்டணம் படிநிலையாக ஏறும் ஊராக இருந்தால், மேல்படியின் வீதத்தையே எடுத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் ஏசியின் யூனிட்டுகள் வீட்டின் மற்றச் செலவுக்கு மேல் போய்த்தான் சேர்கின்றன. வரும் தொகை இரண்டு இயந்திரங்களின் விலை வித்தியாசத்தை எத்தனை ஆண்டில் ஈடுகட்டுகிறது என்பதே உங்களுக்கான விடை. ஆண்டுக்கு 60 நாள் மட்டுமே ஓட்டுகிற விருந்தினர் அறைக்கு அதே கணக்கில் மிச்சமாவது சுமார் 100 யூனிட்தான். அங்கே விலையுயர்ந்த இயந்திரம் வாங்கச் சொல்கிறவர் உங்கள் நன்மையை நினைத்துச் சொல்லவில்லை.

கேஸ் வகையையும் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். இப்போது வரும் வீட்டு ஏசிகளில் பரவலாக இருப்பது ஆர்-32. கரியமில வாயுவை 1 என்று வைத்துக் கணக்கிடும் புவி வெப்பமாதல் அளவில் அதன் எண் 675, அதற்கு முந்தைய ஆர்-410ஏ வகைக்கு 2,088. புரோபேன் வாயுவான ஆர்-290 இவற்றைவிட மிகக் குறைந்தது, ஆனால் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் அறையின் பரப்புக்கேற்ற அளவு வரம்புகளோடுதான் வருகிறது. ஆர்-32 கூட மெல்லத் தீப்பற்றக்கூடிய வகைதான். ஆகவே அதைக் கையாளப் பயிற்சி பெற்றவரா என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். பழைய ஆர்-22 இயந்திரத்தைக் கழற்றிவிட்டு, சுவருக்குள் இருக்கும் பழைய குழாயிலேயே புதியதை இணைத்துச் செலவைக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால் எச்சரிக்கையாக இருங்கள். அந்தக் குழாயில் பழைய எண்ணெயின் மிச்சம் இருக்கும், புதிய கேஸின் அழுத்தமோ கூடுதல். பெரும்பாலும் குழாயை மாற்றுவதே சரி.

இனி விலைப்புள்ளிக்கு வருவோம். குறைந்தது மூன்று பேரிடம் எழுத்தில் வாங்க வேண்டும். மூன்று பேருக்கும் ஒரே வேலையைச் சொல்ல வேண்டும். உள் யூனிட் எந்தச் சுவரில், வெளி யூனிட் எங்கே, குழாய் எந்த வழியில் போகிறது என்பதை நீங்களே ஒரு தாளில் வரைந்து, குழாயின் நீளத்தை நாடாவால் அளந்துகொண்டால், பேச்சு உடனே தெளிவாகிவிடும். பொதுவாக 'பொருத்துக் கட்டணம் இவ்வளவு' என்று சொல்லப்படும் தொகையில் சுமார் 3 மீட்டர் குழாய் மட்டுமே அடங்கியிருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது. உங்கள் வழி 8 மீட்டர் என்றால், மீதி 5 மீட்டருக்கான விலைதான் உண்மையான பேரம். மீட்டர் விலை என்று சொல்லும்போது அது போக்குக் குழாய், வரவுக் குழாய் இரண்டும் சேர்ந்த ஒரு ஜோடிக்கா அல்லது ஒற்றைக் குழாய்க்கா, மேலே சுற்றும் காப்பு உறையும் இரண்டு யூனிட்டையும் இணைக்கும் கேபிளும் அதில் சேர்ந்தவையா, குழாயின் சுவர்த் தடிமன் எவ்வளவு, நீளம் கூடுவதால் சேர்க்க வேண்டிய கேஸ் யார் கணக்கில் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். மிகக் குறைவான விலைப்புள்ளி பல சமயங்களில் குறைவாக இருப்பதற்குக் காரணம் இவற்றில் இரண்டு மூன்று அதில் இல்லை என்பதே.

அவ்வாறே வெளி யூனிட்டுக்கான இரும்புத் தாங்கி, அதிர்வைக் குறைக்கும் ரப்பர் அடித்துண்டு, சுவரில் துளையிடுவது, துளையைப் பூசி மூடுவது, வடிகுழாயை எங்கே கொண்டுபோய் விடுவது, உயரத்தில் நின்று வேலை செய்யச் சாரம் தேவையா, பழைய இயந்திரத்தைக் கழற்றி அதன் கேஸைக் காற்றில் விடாமல் சிலிண்டரில் மீட்டெடுப்பது ஆகியவையும் தனித்தனி வரிகளாக இருக்க வேண்டும். மின்வேலையை 'வாடிக்கையாளர் பொறுப்பு' என்று ஒரு சிறிய எழுத்து வரியில் தள்ளிவிடுவது வழக்கம். ஒன்றரை டன் இயந்திரம் முழு வேகத்தில் சுமார் 1.5 கிலோவாட் எடுக்கும். 230 வோல்ட்டில் அது ஆறரை ஆம்பியர். மின்னோட்டம் பெரிதல்ல, ஆனால் மணிக்கணக்கில் தொடர்ந்து ஓடுகிற சுமை. ஆகவே மின்பலகையிலிருந்து தனி இணைப்பு, நீளத்துக்கேற்ற தடிமனில் வயர், தனி எம்.சி.பி. (மின்னோட்டம் மிஞ்சினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்), முறையான எர்த் ஆகியவை வேண்டும். இதன் விலையை மின்பணியாளரிடம் தனியாகக் கேட்டு மொத்தத்தில் சேர்த்த பிறகே ஒப்பிடுங்கள்.

வெளி யூனிட்டின் இடத்தை மலிவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அது தள்ளும் சூடான காற்று மறுபடி அதன் பின்பக்கமே வந்து சேரும்படியான மூடிய பால்கனியிலோ குறுகிய சந்திலோ வைத்தால், வெயில் உச்சத்தில் குளிர்ச்சி குறைந்து மின்செலவு ஏறும். சுத்தம் செய்ய வருகிற ஆள் எங்கே நின்று வேலை செய்வார் என்பதையும் யோசியுங்கள். கயிற்றில் தொங்கினால்தான் எட்டும் என்றால், ஒவ்வொரு சர்வீஸுக்கும் அந்த ஆபத்தும் அதற்கான கூலியும் உண்டு. உள் யூனிட்டை, குழாய் குறைவாகப் போகும் சுவரில் மாட்டவே பணியாளர் விரும்புவார். படுத்திருப்பவர் முகத்தில் நேரே காற்று அடிக்குமா என்பதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பொருத்தும் நாளில் நீங்கள் கண்ணால் பார்க்க வேண்டிய ஒரே வேலையைச் சொல்லச் சொன்னால், வேக்கம் எடுப்பதைச் சொல்வேன். குழாய்களின் முனை விரிக்கப்பட்டு நட்டுகள் முறுக்கப்பட்ட பிறகு, உள்ளே அடைபட்ட காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்ச வேண்டும். அழுத்தம் குறையக் குறைய உள்ளிருக்கும் ஈரம் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகி வெளியேறுகிறது. அந்த ஈரம் தங்கிவிட்டால் கம்ப்ரஸர் எண்ணெயோடு வினைபுரிந்து அமிலமாகி, உள்ளிருந்தே அரிக்கும். டிஜிட்டல் அளவியில் அழுத்தம் 500 மைக்ரானுக்குக் (மிகக் குறைந்த அழுத்தத்தை அளக்கும் அலகு) கீழே இறங்க வேண்டும், பம்பை நிறுத்தி வால்வை மூடியபின் அந்த எண் வேகமாக ஏறாமல் நிற்க வேண்டும். ஏறினால் எங்கோ கசிவோ ஈரமோ இருக்கிறது என்று பொருள். சாதாரண முள் அளவியில் இவ்வளவு நுட்பம் தெரியாது. அவசரக்காரர்கள் பம்பைக் கொண்டுவராமலே, இயந்திரத்திலுள்ள கேஸைச் சற்றுத் திறந்துவிட்டுக் காற்றை வெளியே தள்ளி முடித்துவிடுவார்கள். அதில் ஈரம் போகாது, கேஸ் குறையும், ஆர்-32 என்றால் தீ அபாயமும் உண்டு. 'வேக்கம் பம்ப், அளவியோடு' என்ற வரியை விலைப்புள்ளியிலேயே எழுதச் சொன்னால், அன்றைக்கு வாக்குவாதம் செய்ய வேண்டியிருக்காது.

வாரண்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் ஆண்டுகள் பெரும்பாலும் கம்ப்ரஸருக்கு மட்டுமே உரியவை. சர்க்யூட் போர்டு, சுருள், கேஸ் கசிவு ஆகியவற்றுக்கு எத்தனை ஆண்டு, ஆள் வந்து பார்க்கும் கட்டணம் யாருடையது என்று பாருங்கள். பொருத்துவேலைக்கு இயந்திர வாரண்டி பொதுவாகப் பொருந்தாது. இணைப்பில் கசிந்தால் பொறுப்பேற்பதாகப் பொருத்தியவரிடமிருந்து தனியாக எழுத்து வாங்க வேண்டும். கடற்கரைக்கு அருகில் இருப்பவர்கள் வெளிச் சுருளின் உப்பரிப்பு வாரண்டியில் அடங்குமா என்றும் கேட்க வேண்டும்.

முன்பணமாக ஒரு பகுதியைக் கொடுத்து, மீதியை இயந்திரம் ஓடிய பிறகே கொடுங்கள். முழுக் குளிரில் அரை மணி நேரம் ஓடவிட்டு, மேலே உறிஞ்சப்படும் காற்றின் வெப்பநிலைக்கும் கீழே வெளிவரும் காற்றின் வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். பொதுவாக 8 முதல் 12 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று காட்டச் சொல்லுங்கள். உள் யூனிட்டின் தட்டில் ஒரு குவளைத் தண்ணீரை மெல்ல ஊற்றி, அது தடையின்றி வெளியே வடிவதைப் பார்த்தபின், குழாயின் இறுதி நீளத்தை நீங்களே ஒருமுறை அளந்து பில்லில் எழுதியிருப்பதோடு சரிபார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.