லாரி இல்லாத சரளைப் பாதை: வடசென்னையிலிருந்து பூண்டி, அல்லிக்குழி மலைப்பக்கம்

வடசென்னையில் சைக்கிள் ஓட்டுபவருக்குத் துறைமுகக் கன்டெய்னர் லாரிகளைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மணலி, மாதவரம், ஜி.என்.டி. சாலை, எந்தப் பக்கம் திரும்பினாலும் அவைதான். திருவள்ளூரைத் தாண்டிவிட்டால் கதை வேறு. பூண்டி ஏரிக்கும் அதன் வடக்கே இருக்கும் அல்லிக்குழி மலைக்கும் நடுவில் செம்மண் சரளை, வண்டிப்பாட்டை, ஏரிக்கரை என்று பாதை கிடக்கிறது. ஆடு மாடு எதிரே வரும், எப்போதாவது ஒரு டிராக்டர் வரும். மலை பெரிய உயரமில்லை. ஆனாலும் இந்தச் சமவெளியில் ஏரியும் குன்றும் ஒரே பார்வையில் கிடைப்பது அபூர்வம்.

பெரம்பூரிலிருந்து பூண்டி சாலை வழியே சுமார் 50 கி.மீ. அங்கே போகும் வழியைச் சைக்கிளிலேயே கடக்க வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினால் போவது சிரமமில்லை. திரும்புவதுதான் சோதனை: பதினோரு மணி வெயில், எதிர்காற்று, ஆவடிக்குப் பிறகு நெரிசல். நாலைந்து பேர் சேர்ந்தால் ஒரு குட்டியானை பேசி வண்டிகளை ஏற்றிக்கொண்டு போவதே எங்கள் கட்சி. ஏற்றும்போது ஒரு சைக்கிளின் ஹேண்டில்பார் முன்னால், அடுத்ததன் ஹேண்டில்பார் பின்னால் என்று மாற்றி மாற்றி நிறுத்தி, இடையில் பழைய போர்வை கொடுங்கள். கியர் இருக்கும் வலப்பக்கத்தின் மேல் இன்னொரு வண்டி சாயவே கூடாது. பின்கியரைத் தாங்கும் சிறு உலோகத் துண்டு (டிரெய்லியர் ஹேங்கர்) ஒரு மி.மீ. வளைந்தாலும் கியர் தானாகத் தாவும், அன்றைய ஓட்டம் பாழ்.

பொங்கல் கழிந்ததிலிருந்து மார்ச் முதல் வாரம் வரை நல்ல பருவம். ஏரியில் தண்ணீர் நிற்கும், மண் இறுகியிருக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் போவதானால் முதல் நாள் செய்தியைப் பாருங்கள். பூண்டியின் முழு உயரம் 35 அடி. அதை நெருங்கும்போது உபரி நீரைக் கொசஸ்தலை ஆற்றில் திறந்துவிடுவார்கள், கீழே இருக்கும் தரைப்பாலங்கள் மூழ்கும். முழங்கால் அளவு ஓடும் தண்ணீரில்கூடச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்காதீர்கள். சக்கரத்தில் தண்ணீர் மோதும் வேகம் ஆளையும் சேர்த்து இழுக்கும். அக்னி நட்சத்திரத்தில் அந்தப் பக்கமே வேண்டாம்.

இனி வண்டி. சரளைக்கென்றே கிராவல் பைக் என்று விற்பதுதான் வேண்டும் என்றில்லை. 40 முதல் 45 மி.மீ. அகல டயர் நுழையும் எந்த ஹைப்ரிட்டும் (தார்ச்சாலைக்கும் மண்பாதைக்கும் பொதுவான சைக்கிள்) போதும். 2 அங்குல டயர் போட்ட பழைய எம்.டி.பி. (மலைப்பாதைச் சைக்கிள்) இன்னும் வசதி. டயருக்கும் ஃபோர்க்குக்கும் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) நடுவில் இரண்டு பக்கமும் 5 மி.மீ. இடைவெளி இருக்கிறதா பாருங்கள். அதற்குக் குறைந்தால் சிறு கல் மாட்டி ஃபிரேமைச் செதுக்கும். ஈரமண் அப்பினால் சக்கரம் அப்படியே நின்றுவிடும். கியரில் முன்சக்கரத்தட்டில் 40 பல், பின்னால் பெரிய தட்டில் 42 பல் இருந்தால் மலையடிவாரக் குறுமேடுகளை உட்கார்ந்தபடியே ஏறலாம்.

காற்று விஷயத்தில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். தார்ச்சாலைப் பழக்கத்தில் 60 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) அடித்துவிட்டு, சரளையில் வண்டி குதிக்கிறது, கை மரத்துப்போகிறது என்பார்கள். 70 கிலோ எடை ஆளுக்கு, 40 மி.மீ. டயரில், டியூப் இருந்தால் முன்னால் 38, பின்னால் 42. டியூப்லெஸ் (உள்ளே டியூப் இல்லாத டயர்) என்றால் முன்னால் 30, பின்னால் 33. இதில் தொடங்குங்கள். எடை 10 கிலோ கூடினால் 3 பி.எஸ்.ஐ. கூட்டலாம். கல்லில் ஏறும்போது ரிம் ‘டக்’கென்று இடித்தால் காற்று குறைவு. டியூபில் பாம்பு கடித்ததுபோல் அருகருகே இரண்டு வெட்டு விழுந்தால் அதுவும் முள் இல்லை, இதே காற்றுக் குறைவுதான்.

முள்ளுக்கு வருவோம். ஏரிக்கரை முழுக்கச் சீமைக் கருவேலம். உயிரோடு நிற்கும் மரத்தைவிட, வேலிக்கு வெட்டிப் போட்டுக் காய்ந்த கிளைதான் ஆபத்து. அதோடு நெருஞ்சியும் உண்டு. எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்த்தே நிற்கும். இந்தப் பக்கத்துக்கு டியூப்லெஸ் கட்டாயம் என்றே சொல்வோம். ஒரு டயருக்கு 60 முதல் 80 மி.லி. சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) ஊற்றுங்கள். சென்னை வெயிலில் அது சீக்கிரம் காய்ந்துபோகும், ஆகவே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சக்கரத்தைக் கழற்றிக் காதருகே குலுக்குங்கள். சத்தம் இல்லையென்றால் உள்ளே சீலன்ட் இல்லை. முள்ளைப் பிடுங்கியதும் அந்த ஓட்டை தரையைப் பார்க்கும்படி சக்கரத்தைத் திருப்பி அரை நிமிடம் வைத்தால் திரவம் இறங்கி அடைத்துக்கொள்ளும். அடைக்காத பெரிய ஓட்டைக்கு ரப்பர்த் திரி செருக வேண்டும்.

டியூப்தான் என்றால் இரண்டு உபரி டியூப் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றுவதற்கு முன் டயரின் உட்புறத்தைத் துணியால் துடைத்துப் பாருங்கள், நூல் மாட்டும் இடத்தில் முள்முனை இருக்கும். அதை எடுக்காமல் புது டியூப் போட்டவர்கள் அடுத்த அரைக் கிலோமீட்டரில் மறுபடி இறங்குவார்கள். பஞ்சர் ஒட்டும்போது சொல்யூஷன் தடவியதும் பேட்சை வைக்காதீர்கள். பளபளப்பு போய் விரலில் ஒட்டாத பதம் வர ஐந்து நிமிடம் ஆகும். ஈரத்தில் ஒட்டியது வெயிலில் கிளம்பிவிடும். உங்கள் வால்வு மெல்லிய பிரெஸ்டா வகை என்றால் பித்தளை அடாப்டர் ஒன்று பையில் இருக்கட்டும், கிராமத்துப் பஞ்சர் கடைப் பம்பு அதில்லாமல் பிடிக்காது. ரத்தன் பஜார் சைக்கிள் கடைகளில் விசாரித்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சரளை இரண்டு விதம். செம்மண்ணோடு இறுகிய குறுங்கல் நல்ல பிடி தரும். மலையை ஒட்டிய இடங்களில் கிடக்கும் உருண்டைக் குவார்ட்சைட் (ஒரு வகைக் கடினப் பாறை) கூழாங்கல் அப்படியில்லை, டயருக்கடியில் கோலிக்குண்டாக உருளும். அங்கே வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் முன்பிரேக் பிடித்தால் முன்சக்கரம்தான் முதலில் போகும். (இதே குவார்ட்சைட்டில் ஆதிமனிதன் செய்த கைக்கோடரிகளை 1863இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் இதே வட்டாரத்து அத்திரம்பாக்கத்தில் கண்டார். அவற்றின் காலம் சுமார் 15 லட்சம் ஆண்டு என்று பிற்கால ஆய்வு சொல்கிறது. வடிவாக ஒரு கல் கண்ணில் பட்டால் பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள்.) டிராக்டர் ஓடி அலை அலையாக எழும்பிய பாதையில் நடுவை விட்டு ஓரமாகப் போனால் உடம்பு பிழைக்கும். ஆற்றுமணல் குறுக்கிட்டால், அதற்குமுன் ஒரு கியர் கனமாக்கி, பின்னால் சாய்ந்து, மிதித்துக்கொண்டே நேராகப் போக வேண்டும். ஹேண்டிலைத் திருப்பினால் விழுவீர்கள். ஏரிப்படுகைக் களிமண் மழைக்குப் பின் பசை. சுற்றிப் போவதே வழி.

பூண்டியிலிருந்து பேபி கால்வாய் புழல் பக்கமும், லிங்க் கால்வாய் செம்பரம்பாக்கம் பக்கமும் போகின்றன. ஊத்துக்கோட்டைப் பக்கம் கிருஷ்ணா கால்வாய் வருகிறது. கரையோரத்துப் பராமரிப்புப் பாதையைப் பார்த்தால் கால் தானாகத் திரும்பும். ஆனால் இவை நீர்வளத் துறையின் இடம். கேட் பூட்டியிருந்தால் திரும்பிவிடுங்கள், காவலர் இருந்தால் கேட்டுவிட்டுப் போங்கள், மதகு, ஷட்டர் பக்கம் சைக்கிளோடு ஏறாதீர்கள். மலைப்பக்கத்துக் குடியம் குகைக்குப் போகும் தடம் காப்புக்காடு. வனத்துறையிடம் அனுமதி வாங்கி, சைக்கிளை ஊரில் விட்டுவிட்டு நடந்து போவதே முறை.

தண்ணீர் மணிக்கு முக்கால் லிட்டர், அதில் ஓ.ஆர்.எஸ். கலந்த பாட்டில் ஒன்று. மலைப்பக்கம் கடை கிடைக்காது, பூண்டியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். நாய் துரத்தினால் இறங்கிச் சைக்கிளை நடுவில் வைத்து நடங்கள், பெரும்பாலும் அதுவே போய்விடும். ஓய்வுக்குப் புல்லில் கால் வைக்காதீர்கள், கண்ணாடி விரியன் இருக்கும். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். காலை அசைக்காமல் வைத்து 108ஐ அழையுங்கள். பாதை பிரியும் இடத்தில் தார்ச்சாலை எவ்வளவு தூரம் என்று மாடு மேய்ப்பவரைக் கேட்டு வைத்துக்கொண்டால் இடம் சொல்லச் சுலபம்.

வீடு வந்ததும் செயினை உலர்ந்த துணியால் துடைத்து, மெழுகு வகை எண்ணெய் விடுங்கள். கெட்டி எண்ணெயில் செம்மண் ஒட்டினால் உப்புத்தாள் மாதிரி பல்லைத் தேய்க்கும். காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடற்காற்றில் குடியிருப்பவர்கள் போல்ட்டுகளையும் துடைத்து, பாட்டில் ஸ்டாண்டு திருகுகளுக்கு வருடம் ஒருமுறை கிரீஸ் வைக்க வேண்டும். தவறினால் அலென் கீ தலைதான் சுற்றும், திருகு வராது.