எருமை வேட்டைக்கு .375 ரைபிளை ரெடி பண்றது எப்படி

நம்ம டர்பன் சாட்ஸ்வொர்த் பசங்க ரைபிள் ரெடின்னா பேப்பர்ல மூணு ஓட்டையும் ஒட்டி விழுதான்னுதான் பாக்குறாங்க. இம்பாலா மானுக்கு அது சரி. கேப் பஃபலோவ (ஆப்பிரிக்கக் காட்டெருமை) 50 மீட்டர்லயோ அதுக்கும் கிட்டத்துலயோதான் பெரும்பாலும் சுடுவீங்க, பெரிய ஆண் எருமை 700 கிலோ வரும், ஒரே குண்டுல படுத்துரும்னு நம்பிட்டுப் போகாதீங்க. ரெண்டாவது தோட்டா சிக்காம உள்ள போகணும், மேட்டரே அதுதான். (லைசென்ஸ், காம்பிடென்சி சர்டிபிகேட் எல்லாம் கையில இருக்குன்னு வெச்சுத்தான் எழுதுறேன்.)

ஸ்டெப் 1: ரைபிள் காலியான்னு கண்ணால பாத்து, விரல விட்டும் பாருங்க. அப்புறம் பேரல்ல இருக்குற எண்ணெய காஞ்ச துணியால தொடைச்சு எடுங்க, எண்ணெயோட சுட்டா முதல் குண்டு வேற எங்கயாச்சும் போகும்.

ஸ்டெப் 2: ஸ்க்ரூ. டர்பன்ல காத்து ஈரம், லிம்போபோல குளிர்காலம் வறவறன்னு இருக்கும், மரக்கட்டை ஸ்டாக் சுருங்குச்சுன்னா ஆக்‌ஷன் ஸ்க்ரூ (ரைபிள் மெக்கானிசத்தக் கட்டையோட பிடிச்சிருக்குறது) லூசாகும். ஸ்கோப் மவுண்ட் ஸ்க்ரூவையும் பாருங்க. ஸ்கோப்ப குறைஞ்ச பவர்லயே வெச்சிருங்க, கண்ணுல இருந்து தள்ளியே மாட்டுங்க, இல்லன்னா புருவத்துல தையல்தான்.

ஸ்டெப் 3: இதுலதான் நேரம் செலவு பண்ணணும். நீங்க பழகுன சின்ன ரைபிள் .308ஓட தோட்டா 71 மில்லிமீட்டர் நீளம், .375 எச் அண்ட் எச் தோட்டா 91. போல்ட்ட (தோட்டாவ ஏத்தி எறக்குற கம்பி) அவ்ளோ தூரம் கூடுதலா பின்னால இழுக்கணும், ஆனா கை பழைய பழக்கத்துலயே பாதில நிறுத்திரும். எனக்கு ரேஞ்சுல அப்படித்தான் ஆச்சு, வெத்து கேஸ் வெளியவே போகல, நான் தெரியாம முன்னால தள்ள அதே கேஸ் திரும்பி உள்ள போய் 'டிக்'குன்னு ஒரு சத்தம், பக்கத்துல நின்ன மாமா "எருமை இந்நேரம் உன் மேல நிக்குது தம்பி"ன்னாரு. வீட்டுல டம்மி தோட்டா போட்டு, ரைபிள தோள்ல இருந்து எறக்காம, போல்ட் பின்னால முட்டுற வரைக்கும் இழுத்துப் பழகுங்க, தினம் இருபது தடவை போதும். நிஜ தோட்டாவ வீட்டுல ஏத்தி எறக்கவே கூடாது. வேட்டைக்குக் கொண்டு போறதுல ஒவ்வொண்ணையும் ரேஞ்சுல, பேரல மண்மேட்டப் பாத்து வெச்சு, மேகசின்ல இருந்து சேம்பருக்குள்ள (பேரலோட பின்பக்கம்) ஓட்டிப் பாருங்க, சிக்குறத ஒதுக்கிருங்க. முதல்ல சாஃப்ட் (பட்டதும் விரியுற குண்டு), கீழ சாலிட் (விரியாத குண்டு)னு அடுக்கப் போறீங்கன்னா ரெண்டும் 50 மீட்டர்ல ஒரே எடத்துல விழுதான்னும் பாருங்க.

ஸ்டெப் 4: பெஞ்சுல உக்காந்து ஜீரோ பண்ண (ஸ்கோப் குறி வெக்கிற எடத்துலயே குண்டு விழ வெக்க) நாலஞ்சு ரவுண்டு போதும், தோளுக்கும் ரைபிளுக்கும் நடுவுல மணல் பை வெச்சுக்குங்க. மிச்சமெல்லாம் மூணு கால் குச்சில நின்னுட்டே சுடுங்க, உதை .308 மாதிரி ரெண்டு மடங்கு இருக்கும், ஒரே நாள்ல பத்துக்கு மேல சுட்டா உடம்பு பயந்து ட்ரிகர வெடுக்குன்னு இழுக்க ஆரம்பிச்சிரும். காதுக்கு ப்ளக், அது மேல மஃப். குச்சிப் பழக்கத்துக்கு .22 எடுத்துக்கலாம், அதுக்கு யாரும் சிரிக்க மாட்டாங்க.

ஸ்டெப் 5: என்3, என்1 ஹைவே, அப்புறம் கேம்ப் வரைக்கும் மண் ரோடு, பக்கி (பிக்கப் வண்டி) குலுக்குற குலுக்குல ஸ்கோப் நகந்திருக்கலாம். எறங்குனதும் டீ குடிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு ரவுண்டு சுட்டுப் பாத்துருங்க, எப்படியும் பி.ஹெச் (கூட வர்ற ப்ரொஃபஷனல் ஹன்டர்) கேப்பாரு.